சோகி காணாத நெருப்பு

கல்குடாக் கரையில் காலை வற்றுநீரோடு நடந்தால் எப்போதாவது ஒரு சோகி காலில் தட்டுப்படும். சோழி என்றும் சொல்வோம். மணலை ஊதிவிட்டால் போதும், நெய் பூசியதுபோல் மின்னும். அந்த மினுக்கம்தான் உலகின் மிக நேர்த்தியான பாண்டமொன்றுக்குப் பெயர் தந்தது.

சோறு போடும் தட்டை நாம் பீங்கான் என்கிறோம். அது பாரசீகம் வழியாக நமக்கு வந்த சொல். ஐரோப்பியர் சொல்லும் 'போர்சலைன்', சோகியைக் குறித்த 'போர்செல்லானா' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சீனப் பாண்டத்தையும் சோகியையும் மார்க்கோ போலோ இந்த ஒரே சொல்லால் குறித்தார்.

1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, சீனப் பீங்கானைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றியது. 1752இல் மூழ்கிய அதன் கெல்டர்மால்சன் கப்பலில் மட்டும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பீங்கான்கள் இருந்தன. மாலைதீவுச் சோகியையும் இலங்கை வழியாக அதே கம்பனி கொண்டுபோனது. மேற்கு ஆபிரிக்காவில் மனிதரை அடிமைகளாக வாங்கும் காசாக அந்தச் சோகி மாறியது. அழகுக்குப் பெயர் கொடுத்த ஓட்டின் மேல் இந்தக் கறையும் படிந்திருக்கிறது.

பீங்கான் செய்யும் வித்தை 1708இல்தான் ஐரோப்பியருக்குப் பிடிபட்டது. 1710இல் ஜேர்மனியின் மைசன் நகரில் ஆலை எழுந்தது. சில பத்தாண்டுகளில் பிரான்சிலிருந்து ரொக்கோக்கோ என்ற அலங்காரப் பாணி பரவியது. அதன் பெயரிலும் கடல் இருக்கிறது. கல்லும் சிப்பியும் பதித்துத் தோட்டக் குகைகளை அழகுசெய்யும் வேலைக்குப் பிரெஞ்சில் 'ரொக்காய்' என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குக் கல் என்று பொருள். கல்லையும் குடாவையும் பெயரில் வைத்திருக்கும் ஊர்க்காரருக்கு இந்தச் சொல் அந்நியமாகத் தோன்றாது.

இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை ரொக்கோக்கோ கைவிட்டது. பிறையாய் வளையும் கோடு, பாம்பாய் நெளியும் கோடு, ஒருபக்கம் சாயும் சங்கு என்று அதன் உருவங்கள் அசைந்தபடியே இருக்கும். மைசனின் சிற்பி கென்ட்லர் 1737க்கும் 1742க்கும் இடையில் உருவாக்கிய 'அன்ன' விருந்துப் பாத்திரத் தொகுதியில் 2,200க்கும் அதிகமான உருப்படிகள். தட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை சிப்பியின் வரிகள் விரிய, அவற்றின்மேல் அன்னங்கள் மிதக்கும். இதற்காக அவர் டிரெஸ்டன் நகரச் சேகரிப்பில் இருந்த சிப்பிகளைப் பார்த்து வரைந்து பழகினார்.

சங்கு ஏன் சுருள்கிறது? புது ஓடு அதன் வாய் விளிம்பில் மட்டுமே சேர்கிறது. ஒருபக்கம் விரைந்தும் மறுபக்கம் மெதுவாயும் சேர்வதால் அது வளைந்துகொண்டே போகிறது. சிறு சங்கு பெருஞ்சங்கானாலும் வடிவம் மாறுவதில்லை. ரொக்கோக்கோக் கலைஞரைக் கவர்ந்தது, வளர்ச்சியே வரைந்த இந்தக் கோடுதான்.

ஆனால் கலைஞரின் வழி வேறு. கயோலின் என்ற வெண்களியோடு பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்துப் பிசைகிறார்கள். நம் நாட்டில் மீட்டியாகொடவிலும் இந்தக் களி கிடைக்கிறது. சூளையில் வெப்பம் 1,400 பாகை செல்சியஸை நெருங்கும்போது பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைக்கிறது. உருவம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்குகிறது. பிறகு மெல்லிய கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல் தெரியும்.

அதே சூளையில் ஒரு சோகியை வைத்தால் என்ன ஆகும்? சுண்ணாம்புச் சூளை பார்த்தவர்களுக்குத் தெரியும். 900 பாகை அளவிலேயே அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சோகியின் ஓடு கல்சியம் காபனேற்று. பீங்கானைப் பிறப்பிக்கும் நெருப்பு, பீங்கானுக்குப் பெயர் தந்ததை அழித்துவிடும்.

சோகிக்கு நெருப்பே தேவைப்படவில்லை. உயிரோடிருக்கையில் அது தன் மென்சதையின் இரு மடல்களால் ஓட்டை வெளியிலிருந்து போர்த்திக்கொள்கிறது. கடல்நீரிலிருந்து எடுத்த கல்சியத்தை அந்த மடல்கள் படலம் படலமாகப் பூசுகின்றன. போர்வைக்குள் இருப்பதால் கீறலும் விழுவதில்லை. மைசனில் விறகும் பொன்னும் கொட்டி மனிதர் தேடிய மெருகை, கல்குடாவின் இளஞ்சூட்டு நீரில் ஒரு சிற்றுயிர் ஓசையில்லாமல் பூசிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை உயிருள்ள சோகியைக் கண்டால் எடுத்துவர வேண்டாம். அங்கே வேலை இன்னும் முடியவில்லை.