டென்மார்க் மேசை சொல்லும் பாடம்

1620-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து, 1845-இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்ற டென்மார்க் நாட்டாரை அறிவீர்கள். அவர்களது குளிர்நாட்டில் தேக்கு வளர்வதில்லை. எனினும் 1950, 60-களில், ஆசியாவிலிருந்து தருவித்த தேக்கில் அந்நாட்டார் செய்த உணவு மேசைகள் உலகப் புகழ் பெற்றன. 'டீக்' எனும் ஆங்கிலச் சொல்லே, தென்னகத்தின் 'தேக்கு' போர்த்துக்கீசியர் வழியாகச் சென்று திரிந்ததுதான்!

அம்மேசைகளில் பகட்டில்லை, மரத்தின் வரிகளே அழகு. பலவற்றில் மேற்பலகையின் அடியில் இரு பலகைகள் மறைந்திருக்கும். அன்றாடம் நால்வர் அமரலாம். விருந்தினர் வந்தால் அவற்றை இழுத்து இடத்தைப் பெருக்கிக் கொள்ளலாம். சிறிய வீட்டிலும் விருந்தோம்ப இயலும் என்பதே அதன் பொருள். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்துண்ணும் நமக்கு இது புதிதன்று.

அப்பழைய மேசைகளை இன்று மேனாட்டார் தேடி வாங்குகின்றனர். நம்மில் சிலரோ, பாட்டனார் காலத்துத் தேக்கு மேசையைப் பழைய சாமான்காரரிடம் அற்ப விலைக்குத் தள்ளிவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மேசையை வாங்குகிறோம். நீர் புகுந்தால் அது உப்பிவிடும். தேக்கிலோ இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அணுகாது.

வாலாஜாபாத் வீடுகளில் அத்தகைய மேசை இருப்பின், ஆடும் காலைத் தச்சரிடம் காட்டிச் சீர்செய்யுங்கள். மெல்லிய உப்புத்தாளால் மரவரியின் போக்கில் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினால் மீண்டும் மெருகேறும். பேரப்பிள்ளைகளும் அதில் அமர்ந்து உண்பார்கள்.