சர்க்கரையின் அம்புக்குறி

அண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவருக்கு எளிதல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடும் நோய் அது. போட்ட இன்சுலின் ஒருபக்கம், நடக்கும் கால்தசை ஒருபக்கம் என்று சர்க்கரையை இழுக்க, அடி அண்ணாமலை வருவதற்குள் சுகர் 'லோ' ஆகிவிடலாம். அதை முன்கூட்டியே காட்டுவது, மேல்கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சி.ஜி.எம். சென்சார்.

அதன் அடியில் முடிபோல் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இறங்கி, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் நிற்கும். இழையில் பூசிய குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சர்க்கரையோடு வினைபுரிய, மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். 1962-இல் விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் முன்வைத்த யோசனையின் வழிவந்தது இது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணும், பக்கத்தில் அம்புக்குறியும் போனில் வரும். என்னைக் கேட்டால் அம்புக்குறிதான் முக்கியம். 110 நல்ல எண்தான். ஆனால் அம்பு நேராகக் கீழே பார்த்தால் உடனே ஏதாவது சாப்பிட்டாக வேண்டும்.

நடப்பவராவது சுகர் இறங்குவதை உணர்ந்து சொல்லலாம்; ஐ.சி.யூ.வில் மயங்கிப் படுத்திருப்பவரால் சொல்லவும் முடியாது. அங்கே சுகர் ஏறுவதும் உண்டு. லூபஸ் என்ற இன்னொரு எதிர்ப்புச் சக்தி நோய் முற்றிச் சிறுநீரகம் பாதித்தவருக்கு ஸ்டீராய்டை அதிக அளவில் ஏற்றுவார்கள். அதுவரை சுகரே இல்லாதவருக்கும் அது எகிறும். காலையில் மட்டும் ஸ்டீராய்டு கொடுத்தால், வெறும் வயிற்றுப் பரிசோதனை நார்மலாக இருக்கும். மதியத்துக்கு மேல்தான் ஏறும். விட்டு விட்டு எடுக்கும் பரிசோதனையில் இந்த ஏற்றம் நழுவிப்போகும்.

அதற்காக இன்சுலினை அள்ளிக் கொடுக்கவும் கூடாது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவனில் நடந்த ஆய்வு, சுகரை 80-110-க்குள் இறுக்கிப் பிடித்தால் உயிர் தப்புவோர் கூடுகிறார்கள் என்றது. 2009-இல் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வில், இறுக்கிப் பிடித்த பிரிவில்தான் இறப்பு அதிகம். இப்போது பெரும்பாலும் 140-180 போதும் என்கிறார்கள். மயக்க மருந்தில் இருப்பவருக்குச் சுகர் இறங்கினால் நடுக்கமோ உளறலோ வெளியே தெரியாது. அந்த இடத்தில் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆனாலும் சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல. ரத்த அழுத்தம் விழுந்து, அதை ஏற்ற நார் அட்ரினலின் மருந்து ஓடும்போது தோலுக்கு ரத்தம் குறையும், உடம்பு வீங்கியும் இருக்கும், எண் தவறலாம். அதனால் அம்பு திரும்பியதும் ரத்தம் எடுத்துச் சரிபார்த்துவிட்டே இன்சுலின் டிரிப்பை மாற்ற வேண்டும். வைட்டமின் சி அதிக அளவில் ஏற்றியிருந்தால் சில சென்சார்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். கேஸ் ஷீட்டில் அதையும் தேடிப் பார்ப்பது நல்லது.