காந்த நடுக்கோடும் கனகசபையும்

நடராசரின் கால் பெருவிரலுக்கு நேர் கீழேதான் உலகக் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி இருக்கிறது, மேல்நாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருஷம் ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றொரு தகவல் பல வருஷங்களாகக் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. சிதம்பரம் கீழவீதி டீக்கடையிலும் கேட்கலாம், கடலூர் பேருந்திலும் கேட்கலாம். ‘நாசாக்காரனே சொல்லிட்டான் சார், அப்புறம் என்ன?’ எந்த நாசாக்காரன், எந்த வருஷம், எந்த ஏட்டில் என்றால் பதில் கிடையாது. மூடநம்பிக்கை என்று சொல்லித் தாண்டிப்போய்விட நமக்குத் தெரியும்; நம்மவர்கள் அதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள். ஆனால் இது பழைய மூடநம்பிக்கை அல்ல. அறிவியலின் பெயரால், அறிவியலின் சொற்களைக்கொண்டு கட்டமைக்கப்பட்ட புதிய சொல்லாடல். இதற்கான பதிலும் அதே ஊரிலேயே, ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே அண்ணாமலைநகரில், ஒரு கருவியின் வடிவில் இருந்தது என்பதுதான் வேடிக்கை.

முதலில் காந்த நடுக்கோடு என்றால் என்ன? ஒரு ஊசியைச் சரியாக நடுவில் கட்டித் தொங்கவிட்டால் படுக்கைவாட்டில் நிற்கும். அதே ஊசியைக் காந்தமாக்கிவிட்டுத் தொங்கவிட்டால் வடக்கு தெற்காகத் திரும்புவதோடு ஒரு பக்கமாகச் சாயவும் செய்யும். வடதுருவத்தை நெருங்க நெருங்க அதன் வடமுனை கீழ்நோக்கிக் குத்தும்; தெற்கே போனால் தென்முனை குத்தும். இரண்டுக்கும் நடுவே ஊசி சாயாமல் கிடக்கிற இடங்களையெல்லாம் இணைத்தால் பூமியைச் சுற்றி ஒரு வளைகோடு கிடைக்கும். அதுதான் காந்த நடுக்கோடு. பெரு, ஆப்பிரிக்கா, தென்னிந்தியா வழியாக அது போகிறது. உலகைச் சுற்றி வந்து தன்னோடு தானே சேர்ந்துகொள்கிற கோட்டுக்கு மையப்புள்ளி ஏது? கோட்டுக்கு உள்ளேதான் மையம், கோட்டின் மேல் அல்ல. அதோடு அது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பூமியின் உள்ளே உருகிய இரும்பு புரண்டுகொண்டே இருப்பதால் கோடும் வருஷா வருஷம் நகர்கிறது. கல்லால் கட்டிய கோயில் அதன் பின்னால் நகர முடியாது.

1957-58ஐ உலக நாடுகள் சர்வதேசப் புவியியற்பியல் ஆண்டாகக் கொண்டாடின. அதையொட்டித் தென்னிந்தியாவில் புதிய காந்த நோக்குநிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒன்று திருவனந்தபுரத்தில், மற்றொன்று நம்முடைய அண்ணாமலைநகரில். ஏன் இரண்டு இடம்? பகல் வேளையில் தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகலான பட்டையில் ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. நடுக்கோட்டுக்கு இருபுறமும் மூன்று பாகை அளவுக்குத்தான் அதன் வீச்சு. அதற்கு நடுவே திருவனந்தபுரம், விளிம்பில் அண்ணாமலைநகர். இரண்டு இடத்துக் காந்தமானிகளும் காட்டுகிற வித்தியாசத்திலிருந்து அந்த ஓட்டத்தின் வலுவை மதிப்பிடலாம். ஆக, அண்ணாமலைநகர் ஆய்வுக்குப் பயன்பட்டதே அது காந்த நடுக்கோட்டில் இல்லை என்பதால்தான். அங்கே ஊசியின் சாய்வு ஐந்து பாகைக்கும் மேல். கோடு போனதோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே. அங்கே பல ஆண்டுகள் அளந்து பதிவுசெய்த தரவு உலகத் தரவு மையங்களில் இருக்கிறது. கோயிலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் எடுத்த தரவு. கீழவீதிக்குத்தான் வந்து சேரவில்லை.

காந்தத்தோடு இந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ள உறவு இன்னும் பழையது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1930களில் சி.வி. ராமனிடம் பயின்ற எஸ். ராமச்சந்திர ராவ் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். காந்தத்தால் விலக்கப்படும் பொருள்களைப் பொடிக்கப் பொடிக்க அவற்றின் காந்தப் பண்பு மாறுகிறதா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. அதைப் பற்றிய குறிப்புகள் லண்டனிலிருந்து வரும் ‘நேச்சர்’ இதழில் வந்தன. சிதம்பரத்தில் காந்தம் இருந்திருக்கிறது, கருவறையில் அல்ல, ஆய்வுக்கூட மேசையில்.

உண்மையிலேயே காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்த ஊர் தும்பா. அதனால்தான் ராக்கெட் ஏவுதளத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கும் ஒரு வழிபாட்டிடம் இருந்தது, மகதலேனா மரியாள் தேவாலயம். மீனவர்கள் குடிபெயர்ந்தார்கள், தேவாலயம் அலுவலகமாயிற்று. நடுக்கோட்டில் நின்ற கோயிலை அறிவியல் காலிசெய்தது; கோட்டில் இல்லாத கோயிலுக்கு அறிவியல் மகுடம் சூட்டப்படுகிறது.

அந்தத் தகவலில் ஒரு அரை உண்மையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளத்தி மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 79 பாகை 42 நிமிடத்தை ஒட்டி இருக்கின்றன. கிழக்கு மேற்கில் ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தல்லவா? திருவண்ணாமலை சுமார் 70 கிலோமீட்டர் மேற்கே தள்ளிக் கிடக்கிறது. திருவானைக்காவல் 100 கிலோமீட்டருக்கும் அப்பால். பொருந்திய மூன்றைச் சொல்லிப் பொருந்தாத இரண்டை விழுங்கிவிடுவதற்குப் பெயர் சான்று இல்லை. கிரீன்விச்சைப் பூஜ்யமாக 1884இல் வாஷிங்டனில் கூடித்தான் முடிவு செய்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்தின் மீது பிரிட்டிஷ் கப்பற்படையின் எண்ணை ஒட்டிவைத்துவிட்டு அதைப் பூர்விக ஞானம் என்கிறோம்.

பொன்னோடு 21,600, மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சும் 21,600 என்பது இதோடு வருகிற இன்னொரு வாதம். 360ஐ 60ஆல் பெருக்கினால் 21,600. வட்டத்தின் கலைகள் அத்தனை. யோக மரபும் மூச்சுக்கு அதே எண்ணைத்தான் கொடுக்கிறது. உடலையும் வானத்தையும் ஒரே எண்ணால் கட்டிப்பார்த்த அழகான குறியீடு. குறியீட்டுக்குப் பரிசோதனைக்கூடச் சான்றிதழ் வேண்டுமா என்ன?

இந்தச் சான்றிதழ் ஆசை எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆனந்த குமாரசாமி தொழிலால் நிலவியலாளர். இலங்கையின் கனிம அளவாய்வை நடத்தியவர். தோரியனைட் என்னும் கதிரியக்கக் கனிமத்தை அடையாளம் கண்டதில் அவருக்குப் பங்குண்டு. அவருடைய ‘சிவ நடனம்’ நூல் 1918இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் அங்கே அறிவியல் நிரூபணம் தேடவில்லை, கலையின் பொருளைத் தேடினார். 1975இல் ஃப்ரிட்ஜாஃப் காப்ரா அணுத்துகள்களின் இயக்கத்தோடு அந்த நடனத்தைச் சேர்த்துவைத்தார். 2004இல் இந்திய அரசு ஜெனீவாவின் செர்ன் வளாகத்துக்கு ஒரு நடராசர் சிலையைப் பரிசளித்தது. காப்ரா சொன்னது உவமை. செர்னில் நிற்பது ராஜதந்திரப் பரிசு. கொழும்பிலிருந்து லண்டன், கலிஃபோர்னியா, ஜெனீவா என்று சுற்றிவிட்டுச் சிதம்பரத்துக்குத் திரும்பியபோது அந்த உவமை நிரூபணமாகிவிட்டிருந்தது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், நம்பிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. இந்தப் புனைவு எதை மறைக்கிறது என்று பாருங்கள். சிதம்பரம் கோயிலின் வரலாறு யார் எங்கே நிற்கலாம் என்பதன் வரலாறு. நந்தன் தீக்குள் இறங்காமல் உள்ளே வர முடியவில்லை என்று பெரியபுராணமே சொல்கிறது. சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட ஆறுமுகசாமி என்னும் முதியவருக்கு அரசாணையும் போலீஸ் பாதுகாப்பும் தேவைப்பட்டன, அது நடந்தது 2008 மார்ச் 2இல். கோயில் நிர்வாகத்தை அரசு எடுத்ததும், 2014 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதைத் தீட்சிதர்களிடமே திருப்பித் தந்ததும், 2022 மே மாதம் கனகசபை மீதேறி வழிபட அரசு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்ததும் நம் கண்முன்னால் நடந்தவை. இவையெல்லாம் மனிதர்கள் ஏற்படுத்தியவை, அதனால் மாற்றக்கூடியவை. அந்த இடத்தைக் காந்தப்புலத்தின் மையமாக்கிவிட்டால் விவகாரமே வேறு. அங்கே இருப்பது அதிகாரம் இல்லை, ‘ஆற்றல்’ என்றாகிவிடுகிறது. ஆற்றலோடு யார் வழக்காடுவது?

பல்கலைக்கழகம் இதில் என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் எந்த இயற்பியல் துறையின் செய்தி அறிக்கையை எடுத்தாலும் படிக வளர்ப்பு, மெல்லேடுகள், நிறமாலை, இத்தனை கட்டுரைகள், இத்தனை முனைவர் பட்டங்கள், ஒரு கருத்தரங்கு, பொன்னாடை. குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை, ஆய்வு அப்படித்தான் நடக்கும். ஆனால் ஊர் அந்த அறிக்கையில் இல்லை. மொழியும் இல்லை. 1965 ஜனவரி 27இல் இதே அண்ணாமலைநகரில் ராஜேந்திரன் என்ற மாணவர் தமிழுக்காகக் குண்டடிபட்டுச் செத்தார். அதற்குப் பின்னும் காந்தப்புலம் பற்றிய முதுநிலைப் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. காந்தப்புலம் பற்றிய பொய்தான் நல்ல தமிழில் வருகிறது. எல்லாத் துறையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பரங்கிப்பேட்டையிலுள்ள இதே பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் 2004 சுனாமிக்குப் பின் சுற்றுவட்டார மீனவக் குப்பங்களில் இழப்பைக் கணக்கெடுத்து, அலையாத்திக் காடு எங்கே காத்தது என்று எழுதினார்கள். 1995 செப்டம்பர் 21இல் பிள்ளையார் பால் குடித்தபோது அறிவியல் இயக்கத்துத் தோழர்கள் கரண்டியும் பாலுமாகத் தெருவில் நின்று பரப்பு இழுவிசையை விளக்கினார்கள்.

பெருமைப்பட நம்மிடம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது, இங்கேயே பக்கத்தில். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சுக்காரர் 1769 ஜூன் 4 விடியற்காலை புதுச்சேரியில் மேகம் மூடி ஏமாந்தார். ஆனால் அங்கிருந்த காலத்தில் தமிழ்க் கணக்கர்களிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார். அதே புதுச்சேரியில் ஒரு கணக்கர் தரையில் சோழி பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக்கொண்டே 1825ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் பதிவுசெய்தார். தொடக்கம் 4 நிமிடம், நடு 23, முடிவு 52 நிமிடம் பிசகியதாக ஓட்டோ நியூகெபாவர் 1952இல் எழுதினார். கருவியில்லாமல், காகிதமில்லாமல்! அந்த வாக்கியங்கள் 248. சந்திரன் பூமியை நெருங்கி விலகும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறத்தாழ 248 நாள். இதே எண் பாபிலோனியக் கணிதத்திலும் உண்டு. அறிவு அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

அந்த மரபைத் திருத்தாமல் விட்டதன் விளைவும் கண்ணெதிரே இருக்கிறது. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம். வெறுங்கண்ணுக்குத் தெரிகிற கிரகம் அது, மாடியேறி அண்ணாந்து பார்த்தால் எந்தக் கணக்கு சரி என்று தெரிந்துவிடும். ஊரே பேசுகிற அந்த வாரத்தில் ஒரு தொலைநோக்கியைத் தெருவில் வைத்தால் எத்தனை பேர் வருவார்கள்!

காந்தத்துக்கு அதுவும் வேண்டாம். ஒரு கோணியூசி, நூல், பள்ளிக்கூடப் பாகைமானி, பழைய ஒலிபெருக்கியின் காந்தம் போதும். ஊசியை முதலில் நூலில் கட்டிச் சமனாக்க வேண்டும். பிறகு கட்டை நகர்த்தாமல் காந்தத்தில் ஒரே திசையாகத் தேய்த்து மறுபடி தொங்கவிட வேண்டும். காற்றில்லாத இடமாக இருக்கட்டும், பக்கத்தில் இரும்பு கூடாது. கீழவீதி வாசலிலேயே செய்யலாம். வடமுனை ஐந்து பாகைக்கு மேல் கீழே இறங்கும்.