இறங்கும் மிதி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளின் வாகனப் பட்டறைகளில் 'பெடல் இறங்குகிறது' என்னும் முறையீடு புதிதன்று. வழக்கமாகப் பாதி வழியிலேயே காலை எதிர்த்து நிற்க வேண்டிய பிரேக் மிதி, எதிர்ப்பே இல்லாமல் தரைவரை சென்றுவிடுகிறது. ஓட்டுநர் பதறி இரண்டு மூன்று முறை விரைந்து மிதிக்கிறார். மிதி மேலே வந்து நிற்கிறது. சரியாகிவிட்டது என்று எண்ணி, அவர் நெரிசல் மிகுந்த திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பயணத்தைத் தொடர்கிறார். உண்மையில் சரியானது எதுவும் இல்லை. மிதி இறங்கிய விதமும் மீண்டு வந்த விதமும் பழுதின் இருப்பிடத்தைக் காட்டும் சான்றுகள். அவற்றைப் படிக்க, மிதிக்கும் சக்கரத்திற்கும் இடையே நிகழ்வதை முதலில் அறிய வேண்டும்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கல் விதி. 17ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்ட இவ்விதி, 1921இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் மகிழுந்தில் நான்கு சக்கரங்களையும் நிறுத்தும் பணிக்கு வந்தது. ஒரு கணக்கைப் பார்ப்போம். மிதியை 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு அழுத்துவதாகக் கொள்வோம். நெம்புகோல் அமைப்பால் அது நான்கு மடங்காகி, 80 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அப்பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர். சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர். பரப்பு 6.25 மடங்கு என்பதால், அங்கே கிடைக்கும் விசை 500 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒரு பாதத்தின் வலிமை இவ்வளவு பெருகுவதற்குத் திரவம் சுருங்காமல் இருக்க வேண்டும். கசியாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் மிதி இறங்கும்.

இந்தக் கருவிகளுக்கும் இப்பகுதிக்கும் பழைய உறவு உண்டு. அம்பத்தூரை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய நிறுவனங்கள் பிரேக் உறுப்புகளை உருவாக்கி வந்துள்ளன. இரண்டும் 1962இல் தொடங்கப்பட்டவை. பின்னது பேருந்து, சரக்குந்துகளுக்கான காற்று பிரேக்கில் பெயர்பெற்றது. பேருந்து நிற்கும்போது எழும் 'உஸ்' ஒலி அவ்வமைப்பிற்குரியது. நாம் பேசுவது மகிழுந்தின் திரவ பிரேக்கைப் பற்றி மட்டுமே.

மிதி பஞ்சுபோல் அமுங்கி, மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது சற்று மேலே வந்தால், குழாயினுள் காற்று புகுந்திருக்கிறது எனலாம். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். காலின் உழைப்பு காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிறது. இரண்டாம் மிதிப்பிலேயே மிதி உயர்ந்து, பஞ்சுத்தன்மையின்றிக் கெட்டியாக நின்றால், பின்சக்கர டிரம்மிற்கும் லைனிங்கிற்கும் இடைவெளி கூடியிருக்கலாம். ஏலகிரி போன்ற மலைச்சாலையில் இறங்கும்போது மட்டும் மிதி தளர்ந்து, வண்டி குளிர்ந்ததும் சரியானால், திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றியிருக்கக்கூடும். வழக்கமான பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகை அளவிற்கு இறங்கிவிடும். சென்னையின் ஈரக்காற்று இதற்கு நன்றாகவே துணைபோகிறது.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது, நிதானமாக மூழ்கும் மிதி. அதைக் கண்டறிய வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை இயக்காமல் மிதியைப் பலமுறை அழுத்த வேண்டும். கெட்டியானதும் காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கினால் மிதி சிறிது இறங்கும்; அது பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளமே தவிரப் பழுதன்று. அதன்பின் அரை நிமிடம் ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு உண்டு. நான்கு சக்கரங்களின் உட்பக்கம், ரப்பர்க் குழாய்கள், இணைப்புகள் ஆகியவற்றில் ஈரம் தேட வேண்டும். ஈரமும் இல்லை, கலத்தில் திரவமும் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே தேய்ந்த ரப்பர் வளையத்தைத் தாண்டித் திரவம் பின்னோக்கி நழுவுகிறது என்று கொள்ளலாம். வெளியே ஈரமில்லாமல் திரவம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அது பூஸ்டருக்குள் ஒழுகித் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அனுபவமுள்ளவர்களும் இதைத் தவறவிடுவதுண்டு.

இங்கே ஒரு சொல் செய்யும் தீங்கையும் குறிப்பிட வேண்டும். பேச்சுவழக்கில் இதனைப் 'பிரேக் ஆயில்' என்கிறோம். ஆனால், இது எண்ணெய் அன்று. பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் உப்பிச் சிதையும். திரவம் மட்டுமன்றி ரப்பர் உறுப்புகளையும் மாற்ற நேரும்.

மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் உறுப்புகளை மட்டும் மாற்றுவதைக் 'கிட் மாற்றுதல்' என்பர். செலவு குறைவு, ஆயினும் உட்சுவரில் கீறலோ துருவோ இருந்தால் புதிய ரப்பரும் விரைவில் அறுபடும். அந்நிலையில் சிலிண்டரையே மாற்றுவது தக்கது. பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள திருகைச் சற்றே தளர்த்துவார். குமிழ்களுடன் திரவம் வெளியேறும். திருகை இறுக்கிய பின்னரே காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று உள்ளே திரும்பும். கலத்தில் திரவம் வற்றவும் விடக்கூடாது. பல வண்டிகளில் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவர். குறுக்காக இணைத்த அமைப்புகளில் வரிசை மாறும் என்பதால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

சாலையிலேயே மிதி இறங்கிவிட்டால், விரைந்து பலமுறை மிதித்துக்கொண்டே கியரைப் படிப்படியாகக் குறைத்து, கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கைபிரேக், திரவத்தை நம்பாமல் உலோக வடத்தால் பின்சக்கரங்களைப் பிடிப்பது. எஞ்சினை அணைத்தல் ஆகாது. அணைத்தால் திருப்புவளையம் கடினமாகும். நின்றபின், மிதி மேலே வந்திருந்தாலும், வண்டியை இழுத்துச் செல்லும் வாகனத்தை அழைப்பதே முறை.