கருப்புக் காருக்கு ஒரு பக்கெட் போதும்

கருப்பு, கருநீலம், அடர்சிவப்பு நிறக் கார்களுக்கு ஒரு சாபம் உண்டு. தூசியும் கீறலும் தண்ணீர்க் கறையும் வெள்ளை வண்டியில் எவ்வளவோ அவ்வளவுதான் இவற்றிலும் இருக்கும். ஆனால் இவற்றில் மட்டும் பளிச்சென்று கண்ணில் படும். சின்னாளப்பட்டியில் இந்தச் சாபம் இரட்டிப்பு. ஒரு பக்கம் மதுரை–திண்டுக்கல் நான்குவழிச் சாலையின் புழுதி, மறுபக்கம் போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர். ஓஸ் பிடித்துக் கழுவ வசதியில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வருத்தமே வேண்டாம்; இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓஸ் இல்லாமல் கழுவுவதுதான் அடர்நிறப் பெயின்ட்டுக்கு நல்லது.

முடியைவிட மெல்லிய கவசம்

அம்பாசடர் காலத்தில் நிறத்துக்கும் மினுக்குக்கும் ஒரே பூச்சுதான். பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும். இன்றைய கார்களில் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, கடைசியாக நிறமற்ற கிளியர் கோட் என நான்கு அடுக்குகள். நான்கும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுத்துவிடாமல் தடுப்பதும் இந்த அடுக்குதான். மெஷின் பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் இதில் கொஞ்சம் தேய்ந்து போகும். போனது போனதுதான்.

இதன்மேல் படியும் புழுதியில் என்ன இருக்கிறது? இந்தச் சமவெளியின் அடியில் இருப்பவை சார்னகைட், நைஸ் வகைக் கடும்பாறைகள். அவை சிதைந்து மண்ணாகும்போது குவார்ட்ஸ் மணிகள் மிஞ்சும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. கத்தியின் எஃகையே அது கீறும். காலையில் மஞ்சள் துணியாலோ பனியன் வேஸ்ட்டாலோ வண்டியை உலர்வாகத் துடைக்கும்போது, அந்த மணிகளைக் கிளியர் கோட்டின்மேல் அழுத்தி இழுக்கிறோம்.

இப்படி விழும் நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும். இருந்தும் இரவில் தெருவிளக்கின் கீழ் நிறுத்தினால், வெளிச்சத்தைச் சுற்றி வட்டவட்டமாகத் தெரியும். விளக்கொளி வரும் திசைக்குக் குறுக்கே ஓடும் கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வரும் தோற்றம் அது. வெள்ளைப் பெயின்ட் தானே எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பதால் கீறலின் ஒளி அதில் கரைந்துவிடும். கருப்பில் அதற்கு ஒளிய இடமில்லை.

ஓஸ் தண்ணீரின் கணக்கு

தண்ணீரைப் பீய்ச்சினால் புழுதி போய்விடுமே என்றால், ஓரளவு போகும். ஆனால் தண்ணீர் எதை விட்டுச்செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். கடும்பாறைப் பகுதிகளில் இந்த எல்லையைத் தாண்டும் போர்கள் பல. அந்தத் தண்ணீர் வெயிலில் கொதிக்கும் கருப்பு போனட்டில் நொடிகளில் ஆவியாகும். கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாக மாறி வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்ளும். புதிய கறையானால், சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைக்கலாம். நாள்பட்டால் பெயின்ட்டிலேயே தடம் விழுந்துவிடும்.

அளவும் சிறிதல்ல. சாதாரண ஓஸில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் ஓடும். பத்து நிமிடம் கழுவினால் குறைந்தது 100 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டி வகுத்ததே 70 லிட்டர்தான். 2024 மார்ச்சில் தண்ணீர் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் உத்தரவிட்டது.

வழுக்க வைக்கும் வித்தை

ஓஸ் செய்கிற வேலை என்ன? மணலைப் பெயின்ட்டிலிருந்து கிளப்பி, உராயாமல் கீழே தள்ளுவது. அதே வேலையை ரசாயனத்தால் செய்யும் திரவங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ‘ஆப்டிமம் நோ ரின்ஸ்’ அவற்றில் பேர்பெற்றது. அதே வகையில் வேறு நிறுவனங்களின் திரவங்களும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றிலுள்ள பாலிமர் மணல்துகளைச் சூழ்ந்துகொண்டு, துகளுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே வழுக்கலான படலமாக நிற்கும். 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, அதாவது 10 லிட்டர் பக்கெட்டுக்கு சுமார் 40 மில்லி போதும். கழுவியபின் தண்ணீர் ஊற்றி அலச வேண்டியதில்லை.

வண்டி நிழலில் நின்று, தகடு ஆறியிருக்க வேண்டும். முதலில் இந்தக் கலவையைக் கை ஸ்பிரேயரில் நிரப்பி ஒரு கதவு, ஒரு போனட் எனப் பகுதி பகுதியாகத் தெளித்து, ஓரிரு நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு பக்கெட்டில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் வைத்து, ஒரே திசையில் நேர்கோடாக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. துணியை எட்டு முகம் வருமாறு மடித்துக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் புதிய முகம். அழுக்கான துணி மறுபடி பக்கெட்டுக்குள் போகவே கூடாது. உடனே உலர்ந்த இன்னொரு துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். மேலிருந்து தொடங்கி, அழுக்கு அதிகமுள்ள கீழ்ப்பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி.

பக்கெட்டில் எந்தத் தண்ணீர்? வீட்டில் ஏசி இருந்தால் அதன் வடிகுழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்த தண்ணீர். அதில் உப்பே கிடையாது எனலாம். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்துவைத்த மழைநீரும் அப்படித்தான். இரண்டும் இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர். வடிகட்டி வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் தொடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

மெழுகுக்கும் ஓர் எல்லை

சுத்தமான பெயின்ட்டுக்குக் காப்பு வேண்டும். சுங்குடிச் சேலையில் மெழுகு அச்சு விழுந்த இடத்தில் சாயம் ஏறாததுபோல, மெழுகு ஏறிய பெயின்ட்டில் தண்ணீரும் அழுக்கும் ஊன்றி நிற்பதில்லை. கார் மெழுகுகளில் புகழ்பெற்ற கார்னோபா, வடகிழக்கு பிரேசிலின் பனை வகை மரமொன்றின் இலையிலிருந்து வருகிறது. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க மரம் தானே சுரந்து பூசிக்கொள்ளும் மெழுகு அது. நம் ஊர் வெயிலில் சில வாரங்கள் தாங்கும். செயற்கைப் பாலிமர் சீலன்ட் சில மாதங்கள், செராமிக் கோட்டிங் அதைவிட நெடுங்காலம் தாங்கும். ஆனால் செராமிக் போட்ட வண்டியிலும் உப்புக்கறை படியும், மணலோடு துடைத்தால் கீறலும் விழும். துணிப்பவுடர் போட்டால் மெழுகு கழன்றுவிடும். மினுக்குக்காக டீசலைத் தடவினால் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி இன்னும் அப்பும்.

காக்கை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். கலவையில் நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறியபின் எடுங்கள். அன்றன்றே எடுப்பது முக்கியம்; சூட்டில் இளகிய கிளியர் கோட், காய்ந்து இறுகும் எச்சத்தின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் சேறு அப்பிய வண்டிக்கு இந்த முறை சரிப்படாது. வாட்டர் சர்வீஸில் சேற்றை இறக்கி, ஈரம் காயுமுன் துடைத்துவிட்டுத்தான் பக்கெட்டுக்கு வர வேண்டும். மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை கழுவினால் போதும். தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், துணியில் மட்டும் கூடாது: பத்து லிட்டர் தண்ணீருக்கு எட்டுத் துணியாவது கையில் இருக்கட்டும்.