சிவகாமிக்கு முன்னால் பார்த்திபனை ஒருமுறை திரும்பப் படியுங்கள்

கல்கியின் பல்லவக் கதைகளில் எது முதல், எது இரண்டாவது என்பதில் எப்போதும் ஒரு குழப்பம் உண்டு. காரணம், அவர் பின்கதையை முதலில் எழுதிவிட்டார். 'பார்த்திபன் கனவு' 1941-43-ல் தொடராக வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் 'சிவகாமியின் சபதம்' 1944-46-ல். ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் பஸ்ஸில் படிக்கிற நண்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். "கனவு எப்பவோ படிச்சாச்சு, நேரா சபதத்துக்குப் போயிடலாமா?" என்று யாராவது கேட்டால் என் பதில்: வேண்டாம், கனவை ஒருமுறை திரும்பப் படிச்சிட்டுப் போங்க. மூன்று பாகம்தான். செண்பகத் தீவு அத்தியாயங்களை வேகமாகத் தாண்டினாலும் பாவமில்லை. நாட்டுடைமை ஆன எழுத்து, போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

(இனிமேல் கதை வெளிப்படும். எண்பது வருஷத்துக் கதை, மன்னிக்கலாம்.)

கனவில் பார்த்திப சோழன் கப்பம் கட்ட மறுத்துப் பல்லவப் படையோடு மோதிச் சாகிறான். அவன் மகன் விக்கிரமனை வீரனாக வளர்ப்பேன் என்று போர்க்களத்தில் ஒரு சிவனடியார் வாக்குக் கொடுக்கிறார். அந்தச் சிவனடியார்தான் நரசிம்மவர்மச் சக்கரவர்த்தி என்று கடைசியில் தெரியும். முதல் வாசிப்பில் இது ஒரு நல்ல வேஷக் கதை, அவ்வளவுதான். எதிரியின் மகனுக்காக ஒரு பேரரசர் ஏன் இத்தனை வருஷம் மெனக்கெட வேண்டும்? பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

திரும்பப் படிக்கும்போது நின்று பார்க்க வேண்டிய இடம் மூன்றாம் பாகத்தில் வருகிறது. காட்டுக்குள் பாழடைந்து கிடக்கும் ஒரு சிற்பியின் வீடு. ஒற்றர் தலைவன் விக்கிரமனை அங்கே கூட்டிப்போகிறான். அந்த ஒற்றர் தலைவனும் நரசிம்மரேதான்! ஆயனரும் சிவகாமியும் வாழ்ந்த வீடு அது. அடுத்த நாவலின் வித்து இங்கேயே கிடக்கிறது. பிறகு சபதத்தின் நான்கு பாகங்களையும் படித்தால், வாதாபியை எரித்த பிறகுதான் வருவேன் என்று சிவகாமி அங்கேயே இருந்ததும், மாமல்லர் அவளை மீட்க ஒன்பது வருஷம் ஆனதும், அதற்குள் அவருக்குப் பாண்டிய குமாரியோடு கல்யாணம் ஆகிவிட்டதும் தெரியவரும். சபதத்தை நிறைவேற்றியும் சிவகாமியை இழந்தவர் அவர். அந்த மனுஷன்தான் பின்னாளில் செத்துப்போன ஒருவனுக்குக் கொடுத்த வாக்கைத் தூக்கிக்கொண்டு வேஷம் போட்டு அலைகிறார். இப்போது அதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நம்ம ஏரியாக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் வரும் மணிமங்கலம், சபதத்தில் ஒரு முக்கியமான போர்க்களம். மகேந்திரர் அங்கேதான் படுகாயம் அடைகிறார், மாமல்லர் வந்து சேர்கிறார். வரலாற்றில் கணக்கு கொஞ்சம் வேறு. நரசிம்மவர்மரின் பேரன் முதலாம் பரமேஸ்வரவர்மர் காலத்துக் கூரம் செப்பேடு, பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை வென்றதாக நரசிம்மரையே சொல்கிறது. கல்கி அந்தப் போரைத் தந்தையின் காலத்துக்கு நகர்த்தி, அதை மகேந்திரரின் முடிவுக்குத் தொடக்கமாக்கிவிட்டார். 642-ல் வாதாபி விழுந்ததற்குப் பின்னால் ஒரு மகனின் கடனும் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். இது என் ஊகம்.

இன்னும் ஒன்று. கனவில் வரும் கபாலிகனுக்கு ஒரு கை இல்லை என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சபதத்தின் கடைசிப் பாகத்தில் நாகநந்தி ஒரு கையை இழந்து உயிர் தப்பும்போது, அதை முன்னரே எங்கோ பார்த்தோமே என்று தோன்றும். இரண்டு கதைகளையும் கல்கி சேர்த்துத் தைத்த இடம் அது. கனவு ஞாபகத்தில் இல்லாதவர்களுக்கு அந்தத் தையல் கண்ணில் படாது.