மா என்னும் ஓரெழுத்து

‘மா’ என்னும் ஓரெழுத்தொருமொழிக்குப் பொருள் கூறுக என்று மாணவரைக் கேட்பது என் நெடுநாள் வழக்கம். விலங்கு, குதிரை, வண்டு, மாமரம், திருமகள், ஒரு நில அளவு என்று அடுக்குவார்கள். அரைத்த பொடி என்னும் பொருளைச் சொல்வார் அரியர். அன்றாடம் வாயில் வழங்குவதாலோ என்னவோ, அது அவர்களுக்குப் பரீட்சைக்கு உரிய பொருளாகத் தோன்றுவதில்லை. அந்தப் பொருள்தான் என் வீட்டுக்கு இடர் விளைத்தது.

என் மகளுக்கு 14 வயதானபோது உடல் மெலிந்தது. வயிற்றுப்போக்கும் இரத்தச்சோகையும் மாறி மாறி வந்தன. கொழும்பிலே இரத்தத்தைச் சோதித்து, சிறுகுடலின் உட்புறத்திலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்து, ‘சீலியாக்’ நோய் என்றனர் வைத்தியர். கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ள ‘குளூட்டன்’ என்னும் பசைப் புரதம் உட்சென்றால், உடலைக் காக்கும் ஆற்றலே இவர்களது சிறுகுடற் சடைமுளைகளைச் சிதைக்கிறது. அத்தானியங்களை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே பரிகாரம்.

சோறுண்ணும் நாட்டில் இஃதென்ன பெரிய விரதம் என்று எண்ணினேன். தோட்டத்து லயத்தில் பிறந்த நான் அவ்வாறு எண்ணியது பேதைமை. கொழுந்தெடுக்கப் போகுமுன் என் தாய் சுட்டு அடுக்கியது கோதுமை ரொட்டி. என் பள்ளிப் பைக்குள் சம்பலோடு மடிந்து கிடந்ததும் அதுவே. 1942இல் பர்மா யப்பானியர் வசமானபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, அவ்விடத்தைக் கோதுமை மா பிடித்துக்கொண்டது. அதே போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், ஒல்லாந்தில் பாண் அருகிப் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஊரெல்லாம் வாடியிருக்க, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நலிந்தனர். கோதுமையின்மேல் முன்பே ஐயங்கொண்டிருந்த டிக்கெ என்னும் குழந்தை வைத்தியர் 1950இல் அதனை ஆய்வேடாக எழுதினார். எமக்குக் கோதுமையைக் கொண்டுவந்த போரே அங்கே அதன் குற்றத்தைக் காட்டிக் கொடுத்தது.

மகள் உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தினாள். அப்புத்தளையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்திலுள்ள பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு இராவுணவுக்கு அழைத்துச் சென்றேன். பெயர் வேண்டா. வெண்துணி விரித்த மேசை. எதை எதற்கு எடுப்பதென்று விளங்காத கரண்டி வரிசை. பரிசாரகர் நம் பக்கத்துத் தமிழ் இளைஞர்.

“தம்பி, பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. இடியப்பம் எந்த மா?”

“அரிசி மா இடியப்பந்தான், சேர்.”

பண்டிதனுக்கு அவ்விடை போதுமாயிருந்தது. அவள் நான்கு இடியப்பம் உண்டாள். நள்ளிரவில் வயிற்று நோவும் வாந்தியும் தொடங்கின. மூன்று நாள் படுக்கை. பிறகு தொலைபேசியில் விசாரித்தபோது, இழை அறாதிருக்க அவித்த கோதுமை மாவும் சிறிது சேர்ப்பதுண்டு என்றார்கள். பல வீடுகளிலும் உள்ள வழக்கந்தான். அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. மிகுதி பற்றிப் பெயரிடுதல் உலக வழக்கு. நாலு பலா நின்றாலும் அது மாந்தோப்பே என்று வகுப்பிலே கற்பிப்பவன் நான். மகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “எந்த மா என்று கேட்டீங்கள் அப்பா. வேறென்ன சேர்ப்பீங்கள் என்று கேட்கவில்லையே” என்றாள்.

இனி வெளியுணவே வேண்டா என்றேன். அவளோ, பல்கலைக்கழகம் போனால் நாளும் வெளியுணவுதானே, அதே இடத்துக்கே போவோம் என்றாள். குளூட்டன் அற்றது என்று எழுதுவதாயின் ஒரு கிலோகிராம் உணவில் அது 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது கோடெக்ஸ் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 திசம்பர் முதல் உணவகத்தாரும் இத்தானியங்கள் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இவற்றையெல்லாம் ஓதிக் கொடுத்தேன். அவள் அவற்றைப் பயன்படுத்தவில்லை. முதல்நாளே தொலைபேசியில் பேசி, சமையற்காரரைச் சந்திக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

அவர் வந்தார், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தவர். இவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சோயா சோஸ் எதிலாவது விழுமா? ரசத்துப் பெருங்காயம் தனிப் பிசினா, மா கலந்த கூட்டா? பாண்தூள் புரட்டிய கட்லட் பொரித்த எண்ணெயிலா மீன் பொரியும்? அயல் மேசையார் திரும்பிப் பார்த்தனர். எனக்குக் கூசிற்று, அவளுக்கு இல்லை. சமையற்காரர் சில வினாக்களுக்கு “உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பிள்ளை” என்றார். அந்தச் சொல்லே எனக்கு நம்பிக்கை தந்தது.

சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வேறு சட்டியில் பொரித்த மீன், இறுதியில் வட்டிலப்பம் என்று வந்தன. தட்டின் ஓரத்தில் அப்பளம் ஒன்று இருந்தது. “அது உளுந்துதானே, சாப்பிடு” என்றேன்.

மகள் சமையற்காரரைப் பார்த்தாள். அவர் உள்ளே சென்று அப்பளப் பொட்டலத்தை எடுத்துவந்து, விளக்கின் கீழ்ப் பிடித்து வாசித்தார்: உளுந்து மா, கோதுமை மா, உப்பு. ஒன்றும் பேசாமல் தட்டையே எடுத்துச் சென்று, வேறொரு தட்டில் புதிதாகச் சோறிட்டுக் கொண்டுவந்து வைத்தார்.